மேஸ்திரிக்கும் பாடம் உண்டு!

மேஸ்திரிக்குப் பள்ளிக்கூடமா? சூப்பர்வைசருக்கு வகுப்பா? பிள்ளை குட்டி பெற்ற பெரிய மனிதருக்கு, பெண்ணிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பாடம் நடத்துவதா? நல்ல வேடிக்கை! இப்படிப் பேசிச் சிரிக்கிறார்கள் சிலர். முதலாளிமார் மட்டுமல்ல, தோழர்களே! நம்மோடு தோளோடு தோள் நின்று கொடி பிடிப்போரிலேயே சிலர் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். சிரிப்பு அடங்கிய பிறகு நாம் ஒரு கேள்வி கேட்போம். பாய்லரை இயக்கச் சான்றிதழ் கேட்கிறீர்கள். லாரி ஓட்ட உரிமம் கேட்கிறீர்கள். இரும்புக்கும் நீராவிக்கும் இத்தனை கட்டுக்காவல்! ஆனால், நாற்பது பெண்களின் வருகைப் பதிவையும், கூலியையும், ஓவர்டைமையும், விடுப்பையும், நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்பதையும் தன் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் மட்டும் எந்தப் பயிற்சியும் கேட்கக்கூடாதா? இரும்பு வெடித்தால் இழப்பு. பெண் வெந்தால் வேடிக்கையா?

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013இல் பிறந்தது; அந்த ஆண்டு டிசம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 19ஆம் பிரிவு முதலாளியின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. வேலை செய்யுமிடம் பாதுகாப்பாக இருக்க வேண்டும். தவறு செய்தால் என்ன நேரும் என்பதையும், புகாரை விசாரிக்கும் குழு எது என்பதையும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி ஒட்ட வேண்டும். ஊழியர்களுக்குக் குறித்த இடைவெளிகளில் பயிற்சி வகுப்புகளும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளும் நடத்த வேண்டும். குழு உறுப்பினர்களுக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். ஆக, பயிற்சி என்பது முதலாளி இரக்கப்பட்டுப் போடும் பிச்சை அல்ல. சட்டம் அவர் தலையிலே வைத்த சுமை!

அந்தச் சுமையை அவர் சுமக்கிறாரா? தாம்பரத்திலிருந்து தெற்கே புறப்படுங்கள். ஏற்றுமதி வளாகம், மறைமலை நகர்த் தொழிற்கூடங்கள், மகிந்திரா சிட்டி, சிறுசேரியின் கண்ணாடிக் கட்டடங்கள், ஆலத்தூரின் மருந்துத் தொழிற்சாலைகள், கேளம்பாக்கத்து உப்பளங்கள், கடற்கரைச் சாலை நெடுகிலும் உல்லாச விடுதிகள், மாமல்லபுரத்துக் கற்பட்டறைகள்... எங்கே பார்த்தாலும் பெண் கை உழைக்கிறது. செங்கல் சுமக்கும் சித்தாள், உப்பு வாரும் பெண், அறை துடைக்கும் பெண், அசெம்பிளி லைனில் எட்டு மணி நேரம் கால் கடுக்க நிற்கும் இளம் பெண், இரவு ஷிப்டு முடித்துக் கம்பெனி வண்டியில் வீடு திரும்பும் கணினிப் பெண். இத்தனை பேருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். ஓரிடத்தில் மேஸ்திரி என்று பெயர், ஓரிடத்தில் லைன் லீடர், ஓரிடத்தில் மேனேஜர், இன்னோரிடத்தில் கான்ட்ராக்டரின் ஆள். பெயர் பல, பிடி ஒன்று!

மலேயாவிலும் இலங்கையிலும் தோட்டத்திற்குப் போன தமிழரைக் கேட்டால் கங்காணியைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். துரை தூரத்தில் இருந்தார். கங்காணி கண்ணெதிரே இருந்தார். பேர் போடுவதும் அவரே, பேர் வெட்டுவதும் அவரே. இன்றைக்கும் அதே கதைதான். தொழிற்சாலையின் முதலாளி எந்த நாட்டிலே இருக்கிறாரோ, யார் கண்டார்! அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த முதலாளி, அவள் எதிரே நிற்கும் சூப்பர்வைசர்தான். சட்டம் அவளை வந்தடைய வேண்டுமானாலும் அவரைத் தாண்டித்தான் வரவேண்டும். அவள் புகார் மேலே போக வேண்டுமானாலும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இதைச் சட்டம் எழுதியவர்களும் உணர்ந்திருக்கிறார்கள். கையைப் பிடித்து இழுப்பது மட்டும் குற்றம் என்று அவர்கள் எழுதவில்லை. இச்சைக்கு இணங்கச் சொல்வது, ஆபாசப் பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, விரும்பத்தகாத பார்வை, சைகை எல்லாமே அதில் அடங்கும். அதோடு 3ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: "இணங்கினால் சலுகை" என்று ஆசை காட்டுவது, "இணங்காவிட்டால் வேலை போகும்" என்று மிரட்டுவது, வெளிப்படையாகச் சொல்லாமல் குறிப்பாகச் சொல்வது, அவமானப்படுத்தி உடலும் உள்ளமும் நொந்துபோகச் செய்வது — இவையும் துன்புறுத்தலே. யோசித்துப் பாருங்கள், ஆசை காட்டவும் மிரட்டவும் யாரால் முடியும்? கையிலே சலுகை உள்ளவரால்தானே? இந்தப் பிரிவைப் படித்தால் கண்முன்னே வந்து நிற்பது மேற்பார்வையாளரின் நாற்காலி!

மல்லைக் கடற்கரையிலே, எருமைத் தலையனை எதிர்த்துப் போரிடும் பெண்ணைக் குகைச் சுவரிலே செதுக்கி வைத்தான் பல்லவர் காலத்துச் சிற்பி. உலகெங்கும் இருந்து வந்து பார்க்கிறார்கள், வியக்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள். கல்லிலே எதிர்த்து நிற்கும் பெண்ணுக்குக் கைதட்டல். வேலைத்தளத்திலே எதிர்த்து நிற்கும் பெண்ணுக்குச் சீட்டுக் கிழிப்பு! இதுதானா நாம் கற்ற கலைப்பாடம்?

"வாய் இல்லாத ஏழைப் பெண்ணுக்குத்தான் இந்தத் தொல்லை, படித்துப் பதவியில் இருந்தால் யார் வாலாட்டுவார்?" என்பார் சிலர். அவர்களுக்குப் பதில், நம் செங்கல்பட்டு மண்ணிலேயே, பரனூர் சுங்கச்சாவடியிலே இருக்கிறது.

2021ஆம் ஆண்டு பிப்ரவரி 21. அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி காவிரிப் படுகை மாவட்டங்களில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். பாதுகாப்புப் பணியின் உச்சியிலே சட்டம் ஒழுங்குச் சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ். பெண் ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவர், கண்காணிப்பாளர் பதவியில் இருந்தவர், அந்த மேலதிகாரியின் காரிலே பாலியல் தொல்லைக்கு ஆளாக்கப்பட்டார். மறுநாள், புகார் கொடுக்கச் சென்னையை நோக்கிப் புறப்பட்டார். பரனூரிலே அவர் கார் வழிமறிக்கப்பட்டது. மறித்தது யார்? வழிப்பறிக் கொள்ளையனா? அல்ல! அன்றைய செங்கல்பட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், தம் காவலர்களோடு!

கண்காணிப்பாளர் காரைக் கண்காணிப்பாளரே மறித்தார். சட்டத்தைக் காக்க வேண்டிய காக்கிச் சட்டை, சட்டத்தைத் தேடிப்போன காக்கிச் சட்டைக்குக் குறுக்கே நின்றது! அந்த அம்மையார் அஞ்சவில்லை. சென்னை சேர்ந்தார், புகார் கொடுத்தார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. சி.பி.சி.ஐ.டி. வழக்குத் தொடுத்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணையைக் கண்காணித்தது. 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ராஜேஷ் தாசுக்கு மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. வழிமறித்த கண்காணிப்பாளருக்கு 500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்ட நீதிமன்றம் மூன்றாண்டுத் தண்டனையை உறுதி செய்தது. வழக்கு மேலும் மேலே போயிற்று. 2024 மே மாதம் உச்சநீதிமன்றம் அவருக்குச் சரணடைவதிலிருந்து இடைக்கால விலக்குத் தந்தது.

இந்த வழக்கிலே நாம் படிக்க வேண்டிய பாடம் எது? "பெரிய அதிகாரிக்கே தண்டனை கிடைத்தது பார்!" என்று மகிழ்ந்து ஏட்டை மூடிவிடலாம். அது பாதிப் பாடம். மீதிப் பாடம் சுங்கச்சாவடியிலே நிற்கிறது. தவறு செய்தவர் ஒருவர். ஆனால் அந்தத் தவறு புகாராக மாறாமல் தடுக்க எத்தனை பேர் வேண்டியிருந்தது! மேலிருந்து குறிப்பு வந்ததும், "இது கூடாது" என்று சொல்லத் தெரியாமல், அல்லது சொல்லத் துணியாமல், சாலையிலே இறங்கி நின்றவர்கள் எத்தனை பேர்!

ஒவ்வொரு வேலைத்தளத்திலும் ஒரு பரனூர் இருக்கிறது, தோழர்களே! "போனால் போகட்டும், பெரிதுபடுத்தாதே அம்மா" என்று சொல்லும் டைம் ஆபீஸ் குமாஸ்தா, ஒரு பரனூர். "அவர் அப்படித்தான், கண்டுகொள்ளாதே" என்று சிரிக்கும் சக தொழிலாளி, ஒரு பரனூர். "கம்பெனி பெயர் கெட்டுவிடும்" என்று காகிதத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டும் மேனேஜர், ஒரு பரனூர். காரை மறிக்கவில்லை, சாவியைப் பறிக்கவில்லை. ஆனால் வழியை அடைத்தார்கள்!

"ஐ.பி.எஸ். படித்தவருக்குத் தெரியாத சட்டமா? பயிற்சி அவரைத் திருத்தியதா? அப்படியிருக்க, மேஸ்திரிக்கு மட்டும் வகுப்பு நடத்தி என்ன பயன்?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்! பதில் சொல்கிறோம். கயவனை நல்லவனாக்கும் மந்திரம் வகுப்பறையிலே இல்லை. அவனுக்கு இருப்பது விசாரணை, தண்டனை. பயிற்சி மற்றவர்களுக்காக. பார்த்தும் பாராதவர், கேட்டும் கேளாதவர், இது குற்றம் என்றே அறியாமல் வேடிக்கைப் பேச்சு என்று எண்ணிக்கொண்டிருப்பவர், புகார் வந்தால் எங்கே அனுப்புவது என்று அறியாதவர் — இவர்களுக்காக. "எனக்குத் தெரியாது" என்ற சாக்கை அவர்கள் கையிலிருந்து பிடுங்குவதற்காக! பத்துப் பேர் சாக்கு இழந்தால், பதினோராவது ஆளாகிய கயவன் தனித்து நிற்பான். தனித்து நிற்கும் கயவன் கோழை!

இந்தச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. ராஜஸ்தான் மாநிலத்திலே பட்டேரி என்ற சிற்றூரில் பன்வாரி தேவி என்றொரு ஏழைப் பெண், அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்துப் பணியாளர், ஒரு பச்சிளம் பெண் குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்க முயன்றார். வேலையைச் செய்ததே குற்றமாயிற்று! 1992இல் ஆதிக்கச் சாதியார் கூடி அவரைக் குலைத்தனர். 1995இல் கீழ் நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவர்களை விடுவித்தது. பெண்கள் அமைப்புகள் உச்சநீதிமன்றம் சென்றன. 1997 ஆகஸ்ட் 13 அன்று, விசாகா வழக்கில், ஒவ்வொரு பணியிடத்திலும் புகார்க் குழு வேண்டும் என்று உச்சநீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. அதைச் சட்டமாக்க நாடாளுமன்றத்துக்கு எத்தனை ஆண்டு பிடித்தது? 16 ஆண்டு!

பிறந்த பிறகாவது பலம் பெற்றதா? பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். அதன் தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பத்துப் பேருக்குக் குறைவான இடமா, அல்லது புகாரே முதலாளியின் மீதா? அதற்கு மாவட்டத்திலே உள்ளூர்க் குழு. வீட்டு வேலை செய்யும் பெண்ணும் அங்கே போகலாம். மூன்று மாதத்துக்குள் புகார். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். எழுதத் தெரியாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். தினக்கூலியும், தற்காலிகப் பணியாளரும், கான்ட்ராக்டு ஆளும், பயிற்சியாளரும் இந்தச் சட்டத்தின் கண்ணிலே ஊழியரே. "அவள் எங்கள் ஆள் அல்ல, கான்ட்ராக்டர் ஆள்" என்று கைவிரிக்க இடமில்லை. கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடமே.

நல்ல ஏற்பாடு. ஆனால் பயிற்சி என்று வரும்போது மட்டும் சட்டத்தின் குரல் தாழ்ந்துவிடுகிறது. "குறித்த இடைவெளிகளில்" என்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையா, ஐந்தாண்டுக்கு ஒரு முறையா? சொல்லவில்லை. எத்தனை மணி நேரம்? சொல்லவில்லை. மேற்பார்வையாளருக்குத் தனி வகுப்பு உண்டா? அந்தச் சொல்லே இல்லை! அமெரிக்காவின் கலிபோர்னியாவைப் பாருங்கள். 2004ஆம் ஆண்டுச் சட்டம், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் மேற்பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 2018இல் அதை ஐந்து பேர் வேலை செய்யும் இடத்துக்கும் விரித்தார்கள். மற்ற ஊழியருக்கு ஒரு மணி நேரம் என்றும் சேர்த்தார்கள். புதிதாக மேற்பார்வைப் பதவிக்கு வந்தவர் ஆறு மாதத்துக்குள் பயிற்சி பெற்றாக வேண்டும். அங்கே பாலியல் தொல்லை ஒழிந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே எழுதவில்லை என்கிறோம். எழுதாத இடத்திலே ஏமாற்று நுழையும்!

எப்படி நுழைகிறது? ஆங்கிலத்திலே ஒரு படம் ஓட்டுவார்கள். அரை மணி நேரம். கையெழுத்து வாங்குவார்கள். கோப்பிலே வைப்பார்கள். "பயிற்சி நிறைவுற்றது." ஆண்டறிக்கையிலே "புகார் எண்ணிக்கை: பூச்சியம்." பூச்சியம் என்றால் தூய்மை என்று பொருளா? குழு இருப்பதே தெரியாத இடத்திலும் பூச்சியம்தான். வாய் திறந்தால் வேலை போகும் இடத்திலும் பூச்சியம்தான். மருந்துச்சீட்டே எழுதாத மருத்துவமனையில் நோயே இல்லை என்று கணக்குக் காட்டுவதைப் போன்றது இது!

அபராதம்? குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய். மறுபடி தவறினால் இரு மடங்கு, உரிமமும் போகலாம். கடற்கரை விடுதியிலே ஒரு கலியாணத்துக்குக் கட்டும் பூத்தோரணத்துக்கே போதாத தொகை! 2023 மே மாதத்தில், கோவாப் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் வழக்கிலே, இந்தச் சட்டம் பத்தாண்டு கழித்தும் ஒழுங்காக நடைமுறைப்படவில்லை என்று உச்சநீதிமன்றமே வருந்தியது. 2024 டிசம்பர் 3 அன்று, மாவட்டந்தோறும் மாவட்ட அலுவலரை நியமிக்கவும், 2025 ஜனவரி 31க்குள் உள்ளூர்க் குழு அமைக்கவும் கெடு வைத்தது. சட்டம் வந்து 11 ஆண்டு கழித்து, குழு அமைக்கக் கெடு!

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு; தமிழ்நாட்டிலேயே காட்டியிருக்கிறார்கள். 2021 ஜனவரியில், திண்டுக்கல் வட்டாரத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொலையுண்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். ஊர் அழுதது, ஆனால் அழுகையோடு நிற்கவில்லை. பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அங்கே துணி வாங்கும் எச் அண்டு எம் போன்ற பன்னாட்டு நிறுவனங்களும் கட்டுப்பட்டன. "திண்டுக்கல் ஒப்பந்தம்" என்று உலகம் அதை அழைக்கிறது. தொழிலாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் மேலாளருக்கும் பயிற்சி உண்டு. தொழிலாளரிலிருந்தே தொழிற்கூடக் கண்காணிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மேற்பார்வையாளர் பெண்ணைக் கண்காணித்த காலம் போய், பெண்ணும் மேற்பார்வையாளரைக் கண்காணிக்கும் காலம் வந்தது! சட்டம் தாழ்ந்த குரலில் சொன்னதைச் சங்கம் உரத்த குரலில் சொன்னது. முதலாளியின் காதில் விழுந்தது!

இனி, நம் வீட்டுப் பேச்சு. "பொய்ப் புகார் கொடுத்து எங்களைக் கெடுத்துவிட்டால்?" என்று ஆண் தோழர்கள் அஞ்சுவதுண்டு. புகாரின் நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தரப்பட வேண்டும். அவர் பதிலையும் சாட்சியையும் கேட்ட பிறகே முடிவு. வேண்டுமென்றே பொய் சொன்னதாக விசாரணையில் மெய்ப்பிக்கப்பட்டால் நடவடிக்கை உண்டு. ஆனால் மெய்ப்பிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் பெண்ணைத் தண்டிக்கக் கூடாது. நேர்மையாளருக்கு இதில் அச்சம் எதற்கு? விதிமுறை தெரியாத இடத்தில்தான் வதந்தி தீர்ப்பு எழுதும். தெரிந்த இடத்தில் விசாரணை தீர்ப்பு எழுதும். ஆகவே பயிற்சி ஆணுக்கும் அரண்.

இன்னொன்று, கசப்பானது. புகாருக்கு ஆளானவர் நம் சங்கத்து ஆள், நம் கொடிக்காரர் என்றால் என்ன செய்வோம்? முதலாளியின் ஆள் என்றால் முழங்குகிறோம். நம் ஆள் என்றால் "சமாதானம் பேசலாம்" என்கிறோமா? சமரசம் பெண் கேட்டால் மட்டுமே. அதிலும் பணம் வாங்கித் தீர்ப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. நம்முடைய சங்க அலுவலகம் இன்னொரு பரனூர் ஆகுமானால், நாம் மேடையிலே பேசும் சமத்துவம் வெறும் ஒலிபெருக்கிச் சத்தம்!

ஆகவே தோழர்களே, கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். முதலாவது, பெண்ணின் மேலே அதிகாரம் உள்ள ஒவ்வொருவருக்கும், கான்ட்ராக்டரின் மேஸ்திரி உட்பட, பதவி ஏற்றதும் பயிற்சி, ஆண்டுதோறும் மறுபயிற்சி. இரண்டாவது, பயிற்சி தமிழிலே. வடநாட்டுத் தொழிலாளர் இருந்தால் அவர் மொழியிலும். மூன்றாவது, வேலை நேரத்திலே, கூலி பிடித்தம் இன்றி. நான்காவது, குழு உறுப்பினர் பெயரும் தொலைபேசி எண்ணும் பெண்கள் கழிப்பறை வாயிலிலும் கம்பெனி வண்டியிலும் எழுதப்பட வேண்டும். ஐந்தாவது, புகார் கேட்டும் அதை மறைத்த மேற்பார்வையாளர் மீது நிலையாணைப்படி நடவடிக்கை. இவற்றைக் கூலி உயர்வுக் கோரிக்கைப் பட்டியலிலேயே சேர்த்து எழுதுங்கள். கடைசி வரியாக அல்ல, முதல் பக்கத்திலே!

சித்தாளும் உப்பளப் பெண்ணும் எந்தச் சங்கத்திலும் இல்லையே என்பீர்கள். சட்டத்தின் விதிகளே வழி காட்டுகின்றன. 2013ஆம் ஆண்டு விதிகளின் 13ஆம் விதி, விழிப்புணர்வு நிகழ்ச்சிகளில் ஊராட்சிகளையும் கிராம சபைகளையும் மகளிர் குழுக்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது. அடுத்த கிராம சபையிலே எழுந்து நின்று, "மாவட்ட உள்ளூர்க் குழுவின் உறுப்பினர்கள் யார்? இந்த ஊருக்கு வகுப்பு எப்போது?" என்று கேளுங்கள். பதில் இல்லையானால் அதையே தீர்மானமாக எழுதி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்.

இதைக் கேட்க நமக்கு உரிமை மட்டுமல்ல, கடனும் உண்டு. 1929 பிப்ரவரியில் இதே செங்கல்பட்டிலேதான் சுயமரியாதை முதல் மாகாண மாநாடு கூடியது. பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை என்றது. விரும்பும் தொழிலைச் செய்ய ஆணுக்கு உள்ள உரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்றது. சொத்துரிமைத் தீர்மானம் தமிழ்நாட்டிலே சட்டமாக 60 ஆண்டு ஆயிற்று, 1989இல் ஆயிற்று. தொழில் உரிமையோ பாதிதான் நிறைவேறியிருக்கிறது. பெண் வேலைக்கு வந்துவிட்டாள்; அஞ்சாமல் வேலை செய்யும் உரிமை இன்னும் வந்து சேரவில்லை. சுங்கச்சாவடியிலே நிற்கிறது!

தடையைத் தூக்குங்கள், தோழர்களே! வழி விடுங்கள்!